கப்பலில் வராத வத்தல்

அஞ்சலைக்கு மூக்கின் மேல் கோபம். மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கட்டிக்கொண்ட அப்பாசாமிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். பாசாரில் அவளுடைய வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் நகர்ந்தவர்கள் அப்புறம் ஒரு மாதத்துக்கு அந்தப் பக்கமே வரமாட்டார்கள். அப்படிப்பட்டவள் எட்டு வருஷம் ஒரே ஒரு விஷயத்தில் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். நடந்ததைத்தான் சொல்கிறேன்.

விஷயம் என்ன பெரிய விஷயம், சுண்டைக்காய் வத்தல். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். பின்னால் சிரிக்க முடியாது.

கோயிலுக்குப் பின்புறம், மலாக்கா செட்டிக் குடும்பம் ஒன்றிடமிருந்து வாடகைக்கு எடுத்த நிலத்தில் அவள் காய்கறி போட்டிருந்தாள். அந்தக் குடும்பத்தார் கும்பிடுவது மாரியம்மனை, வீட்டில் பேசுவது மலாய். பாகலும் புடலையும் பந்தலில் தொங்குவதைப் பார்த்தால் அவர்களுக்குச் சந்தோஷம். வேலியோரம் வரிசை பிடித்து நட்டிருந்த சுண்டைச் செடிகளைப் பார்த்தால் மட்டும் சிரிப்பு வந்துவிடும். பறவை எச்சத்தில் தானாக முளைத்துக் கிடக்கும் தெரோங் பிப்பிட் என்கிற காட்டுச் சுண்டைக்கு இந்தப் பெண் எருப் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறாளே என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அஞ்சலைக்கு மலாய் நன்றாகவே புரியும். இருந்தாலும் நிலத்துக்காரர்கள் ஆயிற்றே என்று காதில் விழாத மாதிரி இருந்துவிடுவாள்.

அவள் போடும் வத்தல் லேசுப்பட்டதல்ல. விதை முற்றுவதற்குள் காயைப் பறித்துவிட வேண்டும். ஒவ்வொரு காயையும் நசுங்காமல் தட்டி, லேசாக வாய் பிளக்க வைத்து, உப்புப் போட்ட புளித்த மோரில் ராத்திரி முழுக்க ஊறவிட்டு, பகலில் தகரக் கூரையின் மேல் பாய் விரித்துக் காயப்போட வேண்டும். மறுபடி மோர், மறுபடி வெயில். இப்படி ஐந்தாறு நாள். மலாக்கா வெயிலை நம்பி ஒருத்தி கண்ணயர்ந்தால் மத்தியானம் மழை வந்து மானத்தை வாங்கிவிடும். அஞ்சலை கண்ணயர்ந்ததில்லை. கடல் பக்கமிருந்து காற்று திரும்பினாலே போதும், கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஏணியில் ஏறிவிடுவாள். இந்தச் சூட்டில் மோர் அரை நாளில் நன்றாகப் புளிக்கிறது, இந்த மணல் மண்ணில் காய்க்கு அளவான கசப்பு வருகிறது, இது வேறு எங்கேயும் வராது என்று அவள் அப்பாசாமியிடம் சொல்லாத வாரம் கிடையாது.

வத்தலை வாங்கி விற்றவர் மளிகைக்கடை விநாயகம். அவர் கடையில் 'ஊர்ச் சரக்கு' என்று எழுதி ஒட்டிய பெரிய டின் ஒன்று உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வருகிற வத்தல் அதில் இருக்கும். யுத்தம் முடிந்து கப்பல்கள் மறுபடி ஒழுங்காக ஓடத் தொடங்கிய சமயம், ஒரு தடவை சரக்கு முழுக்க ஈரம் கோத்துப் பூஞ்சை பிடித்து வந்து சேர்ந்தது. அன்றைக்குப் பார்த்து, செட்டிநாட்டிலிருந்து வந்து குடியேறிய சோமசுந்தரம் செட்டியார் வீட்டிலிருந்து வத்தலுக்கு ஆள் வந்துவிட்டது. மனுஷர் என்ன செய்வார்? அஞ்சலையின் வத்தலை எடுத்து டின்னில் கொட்டி, அதிலிருந்து அளந்து கொடுத்து அனுப்பிவிட்டார். மறுநாள் செட்டியார் மனைவி சிகப்பி ஆச்சியிடமிருந்து சொல்லி வந்தது: இத்தனை வருஷத்தில் இப்படியொரு வத்தல் வந்ததில்லை, ஊர்ச் சரக்கு என்றால் இதுவல்லவோ ஊர்ச் சரக்கு.

அதோடு அந்த டின்னுக்குள் கப்பல் வத்தல் போகவே இல்லை. பக்கத்திலேயே 'இங்கத்தது' என்று ஒரு சாக்கும் வைத்தார் விநாயகம். அதிலும் அஞ்சலையின் வத்தல்தான், ஒரே கூரையில் காய்ந்தது. வருகிறவர்கள் இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்து மென்று பார்ப்பார்கள். சாக்கைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார்கள், டின்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார்கள். முதல் தடவை இதைக் கண்ணால் பார்த்த அன்று அஞ்சலை வீட்டுக்கு வந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். இரண்டாம் வருஷம் சிரிப்பு குறைந்தது. மூன்றாம் வருஷத்திலிருந்து அந்தக் கடைக்குப் பின்வாசல் வழியாகப் போய் மூட்டையை இறக்கிவிட்டு உடனே திரும்பிவிடுவாள்.

ஏன் சும்மா இருந்தாள்? ஜப்பான்காரன் காலத்தில் அப்பாசாமியைச் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனபோது, அவள் கூடையில் மரவள்ளியும் அரிசியும் நிறுக்காமல் போட்டவர் விநாயகம். அது ஒன்று. டின் வத்தலுக்கு நல்ல விலை வந்தது, அந்த விலை அவளுக்கும் பிடித்திருந்தது. அது இன்னொன்று. அதை மறைப்பானேன்.

இப்படி இருக்கும்போது ஐம்பத்தேழாம் வருஷம் வந்தது. ஆகஸ்ட் முடிவில் மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம். ஊரெல்லாம் கொடித் துணி தைத்துக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத் திடலில் ஒரு கண்காட்சி வைப்பதாக ஏற்பாடு. மலாக்கா மண்ணில் விளைந்த பொருள், மலாக்காவில் பக்குவம் செய்த பொருள், அவ்வளவுதான் நிபந்தனை. தலைமையாசிரியர் கணேசமூர்த்தி வீடு வீடாக வந்து பேர் எழுதிக்கொண்டு போனார். அஞ்சலை யோசிக்கவே இல்லை. சுண்டைக்காய் வத்தல் என்று எழுதச் சொன்னாள். பேருக்குப் பக்கத்தில் காஜா பேராங் என்றும் போடச் சொன்னாள். எழுதியதை வாத்தியார் வாசித்துக் காட்ட, இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

விஷயம் தெரிந்து விநாயகம் பதறிக்கொண்டு வந்து நின்றார். ருசி பார்த்துப் பரிசு கொடுக்க சிகப்பி ஆச்சியைப் பேசிவைத்திருக்கிறார்கள் என்றார். செட்டியார் தவறிய பிறகு வெளியே எங்கும் வராத அந்த அம்மாளை வாத்தியார் மூன்று தடவை நடையாய் நடந்து சம்மதிக்க வைத்திருந்தார். "பாகக்காய வையி தங்கச்சி. ஒம் பாகக்காய்க்கு என்ன கொறச்சலு? வத்தல் மட்டும் வேணாம்," என்று கெஞ்சினார் விநாயகம்.

டின்னைப் பற்றி மூச்சு விடமாட்டேன் என்று அஞ்சலை அவருக்கு வாக்குக் கொடுத்தாள். வத்தலை வைப்பேன் என்றும் சொல்லிவிட்டாள். ஆச்சி என்ன செய்துவிடப் போகிறார்? இங்கத்தது என்று தெரிந்தால் முகம் சுளிப்பார், மிஞ்சிப் போனால் ஆறுதல் பரிசு. அதுகூடப் போதும். தன் பேர் எழுதிய அட்டைக்குப் பின்னால் தன் வத்தல் ஒரே ஒரு நாள் உட்கார்ந்திருக்க வேண்டும், நாலு பேர் அதைப் பார்க்க வேண்டும். எட்டு வருஷமாக நெஞ்சில் கிடந்து குத்திக்கொண்டிருந்த ஆசை அது. ருசியாக இருப்பதே வினையாகும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

அந்த ஞாயிறு நல்ல வெயில். அப்பாசாமி சைக்கிளின் பின்னால் கூடையைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினான். மேசை மேசையாகக் காய்கள், கிழங்குகள், கீரைக் கட்டுகள். புக்கிட் காதிலிலிருந்து ஒருவர் குழந்தை உயரத்துக்குச் சுரைக்காய் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அஞ்சலை புதுப் புடவை கட்டி, அட்டையை நேராக்கி வைத்து, கரியடுப்பில் நல்லெண்ணெய்ச் சட்டியை ஏற்றினாள். வறுபடுகிற வாசனைக்கே நான்கு மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குப் பெருமை பொங்கியது.

சிகப்பி ஆச்சி வெள்ளைப் புடவையில், மெதுவாக, ஒவ்வொரு மேசையாக வந்தார். சுரைக்காயைத் தட்டிப் பார்த்தார். கீரையைக் கிள்ளிப் பார்த்தார். அஞ்சலையின் மேசைக்கு வந்ததும் ஒரு வத்தலை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடினார். மூடிய கண் திறக்க நேரமாயிற்று.

"வாத்தியாரே," என்றார் ஆச்சி, "இது கப்பல் சரக்காச்சே."

கணேசமூர்த்தி அட்டையைக் காட்டினார். ஆச்சி தலையை அசைத்தார். குரலில் கோபமே இல்லை. "எட்டு வருஷமா எங்க வீட்டுல இதைத்தான் சாப்புடுறோம். அவுக கண்ணை மூடுறதுக்கு முதல் நாள், வேற எதுவும் தொண்டையில எறங்கல. இந்த வத்தலை வறுத்து ரசஞ்சோத்துக்கு வச்சேன். ரெண்டு வாய் சாப்புட்டுப்புட்டு, 'ஊருக்குப் போயிட்டு வந்துட்டேன் சிகப்பி'ன்னாக. எனக்கா தெரியாது இந்த ருசி?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. கடைச் சரக்கைக் கொண்டுவந்து தன் சரக்கு என்று வைத்துவிட்டாளாம் என்று ஒரு குரல் பின்னாலிருந்து சொன்னது. வாத்தியார் பாவம், நல்ல மனுஷர், என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார். விநாயகம் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். இது உங்கள் கடை வத்தலா என்று வாத்தியார் அவரிடம் கேட்டார். விநாயகம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங் கடைச் சரக்கு மாதிரித்தான் தெரியுது என்றார். அஞ்சலையின் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை.

வாத்தியார் அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

அஞ்சலைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திருடி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் சுற்றி நின்ற அத்தனை கண்ணிலும் அது இருந்தது. அந்தக் கண்களில் பாதி அவளிடம் தினமும் காய் வாங்குகிற கண்கள். அப்பாசாமி தூரத்திலிருந்தே, வேண்டாம், பேசாதே என்று கையால் ஜாடை காட்டினான். அவளும் பேசியிருக்க மாட்டாள். கொடுத்த வாக்கு இருந்தது, நிறுக்காமல் போட்ட அரிசி இருந்தது, எதிரில் புருஷனை இழந்த ஒரு பெண்மணி நின்றார். பல்லைக் கடித்துக்கொண்டு கூடையை எடுக்கக் குனிந்துவிட்டாள்.

ஆச்சி நல்ல மனசோடுதான் அடுத்ததைச் சொன்னார். "விடுங்க, திட்டாதீக. பாவம், ஆசையில வச்சிட்டா. இந்த மண்ணுல இந்த ருசி வெளையுமா என்ன?"

அஞ்சலை நிமிர்ந்தாள்.

தன்னைச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பாள். மண்ணைச் சொன்னதும் அவளுக்குத் தாங்கவில்லை. எட்டு வருஷமாக அவள் குனிந்து குனிந்து எருப் போட்ட மண்.

"வெளையுதே ஆச்சி," என்றாள். "நீங்க எட்டு வருஷமா சாப்புட்டது இந்த மண்ணுல வெளஞ்சதுதான். அந்த டின்னுல இருக்கிறது கப்பல்ல வரல. என் வேலியில காச்சது, எங் கூரையில காஞ்சது. நானும் விநாயகம் அண்ணனும் சேந்துதான் ஒங்களுக்குப் பொய் சொன்னோம். பொய்க்காரின்னு சொல்லுங்க, வாங்கிக்கிறேன். இந்த மண்ண ஒண்ணும் சொல்லாதீங்க."

அடுப்பில் எண்ணெய் மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. ஆச்சி விநாயகத்தைப் பார்த்தார். விநாயகம் என்னென்னவோ சொல்ல வாயெடுத்தார், முதல் தடவை பூஞ்சை பிடித்துப் போச்சு என்றார், அப்புறம் நிறுத்த முடியவில்லை என்றார். கடைசியில் ஆமாம் ஆச்சி என்று தலையைக் குனிந்துகொண்டார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. டின் வத்தலை மெச்சி மெச்சி வாங்கியவர்கள் அங்கே ஏராளம். அவர்கள் இப்போது எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் தவித்தார்கள்.

ஆச்சி கோபப்படுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் கோபப்படவில்லை. மேசையின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். நின்ற இடத்திலேயே அந்த அம்மாள் சிறுத்துப்போன மாதிரி இருந்தது.

"அப்ப... மூணு வருஷத்துக்கு முந்தி, அந்த ஐப்பசியில," என்றார். "அவுக சாப்புட்டது?"

கேள்வி விநாயகத்துக்கு. ஆனால் ஆச்சியின் கண் அஞ்சலையின் மேல் இருந்தது.

அஞ்சலைக்கு அந்த ஐப்பசி நன்றாக ஞாபகம் இருந்தது. இருபது நாள் அடைமழை. கூரையில் ஒரு பாய் விரிக்க முடியவில்லை, டின் காலி. விநாயகம் குடைகூட இல்லாமல் நனைந்துகொண்டு வந்து நின்று, செட்டியாருக்கு முடியவில்லை, வத்தல் கேட்கிறார், ஒரு கைப்பிடி இருந்தாலும் கொடு என்றார். அவள் அடுப்படியில் தன் வீட்டுக்கென்று வைத்திருந்த பானையைக் கவிழ்த்தாள். இரண்டு கைப்பிடி இருந்தது. ஈரம் பட்டுவிடாமல் தன் முந்தானைத் துணியைக் கிழித்து மூட்டை கட்டிக் கொடுத்து அனுப்பினாள். செட்டியார் சாப்பிட்டார் என்பது மட்டும் பிறகு தெரிய வந்தது. அவர் என்ன சொன்னார் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. ஊருக்குப் போய் வந்துவிட்டேன் என்றாராம். அவள் வத்தலுக்கு, அவள் மண்ணுக்கு, இதைவிடப் பெரிய பட்டம் இனி எவனும் கட்டப்போவதில்லை. ஆமாம் ஆச்சி, அதுவும் என்னுதுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அது மட்டும் கப்பல்ல வந்தது ஆச்சி," என்றாள் அஞ்சலை. "அந்த மாசம் நல்ல மழை. எங்கிட்ட ஒரு வத்தல் கெடையாது."

விநாயகம் சட்டென்று அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

ஆச்சி தட்டிலிருந்து இன்னொரு வத்தலை எடுத்து, இந்தத் தடவை கண்ணை மூடாமல், அஞ்சலையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மென்றார். நம்பினாரா, நம்ப வேண்டும் என்று நம்பினாரா, எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியம் அன்றைக்கு யாருக்கும் இல்லை. "ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியலையே," என்று மட்டும் சொன்னார். கவிழ்ந்து கிடந்த அட்டையைத் தன் கையாலேயே நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த மேசைக்கு நடந்தார். முதல் பரிசு அஞ்சலைக்கு என்று வாத்தியார் ஒலிபெருக்கியில் சொன்னபோது, புக்கிட் காதில் சுரைக்காய்க்காரர்கூடக் கை தட்டினார்.

விநாயகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்பீர்கள். ஒரு வாரம் கடைக்கு ஈ காக்கை வரவில்லை. அப்புறம் ஆச்சி வீட்டிலிருந்தே ஆள் வந்தது, காஜா பேராங் வத்தல் வேண்டும் என்று. அதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். சாக்கு போய்விட்டது. டின்னில் புதுச் சீட்டு ஒட்டி, காஜா பேராங் என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்தார். முன்னே இருந்த ருசி இப்போது இல்லை என்று சொல்லிக்கொண்டே வாங்கிப்போகிற சிலர் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களை என்ன செய்ய முடியும்?

அன்று சாயங்காலம் கூடையைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். அப்பாசாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். பரிசு வாங்கியவள் சிரிக்கவில்லை. பாதி வழியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி துடைத்துக்கொண்டாள். அப்பாசாமிக்குப் பொறுக்கவில்லை.

"பானையக் கவுத்து நீதான குடுத்த?" என்று கேட்டான். "ஊரறிய எல்லாத்தையும் ஒடச்சுப் போட்டுட்டு அதப் போயி விட்டுக் குடுத்துட்டியே. அத விடப் பெரிய பரிசு ஒனக்கு எவன் தருவான்?"

"எவனும் தரமாட்டான்," என்றாள் அஞ்சலை. "எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான அழுவுறேன்."

கோயில் திருப்பத்தில் அவள் நின்றாள்.

"செட்டியாரு ஊரு போயிச் சேந்துட்டாருன்னு அந்தம்மா மூணு வருஷமா நெனச்சுக்கிட்டு இருக்கு. இல்ல, இங்கனதான் இருந்தாருன்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்? அவுங்களுக்கு ஊரு கடலுக்கு அந்தாண்ட இருக்கு. எனக்கு இங்கதான இருக்கு, நடந்தே போயிருவேன்."